வீட்டுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்: குமரி மாவட்டத்து நவீன வீடுகளைப் படமெடுப்பவர்களின் கேள்விகள்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு கட்டடங்களைப் படமெடுத்துப் பிழைக்கிறவன் நான். கட்டடக் கலை மாணவர்கள், புதுவீடு கட்டியவர்கள், கேமரா வாங்கிய கையோடு கிளம்பியவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமான பதில் உண்டு, சிலவற்றுக்கு ஒரு வரி போதும்.

நவீனத்துவ வீடு என்றால் எது? நம் மாவட்டத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா?

நிறையவே இருக்கின்றன. நாம் அவற்றை அந்தப் பெயரில் அழைப்பதில்லை, அவ்வளவுதான். அலங்காரத்தைக் குறைத்து, கான்கிரீட்டும் கண்ணாடியும் இரும்பும் செய்கிற வேலையை மறைக்காமல் காட்டுகிற கட்டட முறை இது. தமிழ் பேசும் மண்ணில் இதன் தொடக்ககால உதாரணம் புதுச்சேரியில் இருக்கும் கோல்கொண்டே விடுதி. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த அந்தக் கட்டடத்தின் வேலை 1930களின் பிற்பகுதியில் தொடங்கியது. காற்றும் நிழலும் வேண்டும் என்பதற்காக ஜன்னல்களுக்குப் பதில் சுவர் நெடுகத் திருப்பக்கூடிய கிடைப் பட்டைகளை வைத்தார்கள்.

நம் ஊரில் 1960களில் இருந்து 1980கள் வரை கட்டப்பட்ட கான்கிரீட் வீடுகளை நினைத்துப் பாருங்கள். மட்டுப்பா என்று நாம் சொல்லும் தட்டைக் கூரை, சுவரைச் சுற்றி ஓடும் மெல்லிய சன்ஷேடு, மாடிப்படிக்கு வெளிச்சம் தரும், துளைகள் கொண்ட சிமெண்ட் ஜாளி, வழவழப்பான மொசைக் தரை. பெயர் தெரியாத பொறியாளர்களும் கொத்தனார்களும் சேர்ந்து கட்டியவை. பலவற்றை இன்று பளபளக்கும் தகடுகளால் மூடிவிட்டார்கள். மூடாமல் விட்டவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இன்னொரு வழியில் வந்தது கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் தாக்கம். பர்மிங்காமில் 1917இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் நிலைத்து, 2007இல் அங்கேயே மறைந்தவர். பூசாத செங்கல், துளைவிட்டு அடுக்கிய சுவர், கூரைக் கான்கிரீட்டுக்குள் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டை மிச்சப்படுத்துவது போன்ற அவருடைய முறைகள் எல்லை தாண்டி நமக்கும் வந்து சேர்ந்தன. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் அந்தச் சாயல் கொண்ட வீடுகளைப் பார்க்கலாம்.

படமெடுக்கப் போனதும் முதலில் என்ன செய்வீர்கள்?

பையைத் திறக்க மாட்டேன். வீட்டு வாசலில் வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, அந்த வீடு எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பேன். பிறகு நான்கு பக்கமும் சுற்றி வருவேன். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, கிணறு எங்கே இருக்கிறது, எந்த மரத்தை வெட்டாமல் சுவரை ஒதுக்கிக் கட்டியிருக்கிறார்கள், கல்லடுக்கிய பழைய கையாலையை விட்டுவைத்தார்களா, இடித்துவிட்டு மதில் எழுப்பினார்களா? இந்தக் கேள்விகளுக்கான பதில்கள்தான் படமாக வேண்டும்.

ஒரு வீட்டுக்கும் அதன் நிலத்துக்கும் உள்ள உறவு பெரும்பாலும் அந்த வீடு தரையைத் தொடும் இடத்தில் தெரியும். அமெரிக்காவில் மீஸ் வான் டெர் ரோ 1951இல் முடித்த ஃபார்ன்ஸ்வொர்த் வீடு ஆற்றங்கரையில் தரையிலிருந்து ஐந்தேகால் அடி உயரத்தில் மிதப்பது போல நிற்கும். அழகுக்காக மட்டும் அப்படித் தூக்கவில்லை. வெள்ளம் வரும் இடம் அது. தூக்கியும் பலமுறை தண்ணீர் உள்ளே புகுந்தது. தூக்கிய உயரம் தெரியாமல் அந்த வீட்டைப் படமெடுத்தால் அது வெறும் கண்ணாடிப் பெட்டி. நம் ஊரிலும் வயலோரம் கட்டிய வீட்டின் அடித்தளத்தைப் பாருங்கள். எத்தனை படி ஏற வேண்டும் என்பதிலேயே அந்த நிலத்தின் மழைக்கணக்கு இருக்கும். அந்தப் படிகளைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

எந்த மாதம் நல்லது?

எந்த நிலம் என்பதைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. மேற்கே மழை அதிகம். கிழக்கே ஆரல்வாய்மொழிப் பக்கம் போகப் போக வறண்டு காற்று வலுக்கும். ஒரே நாளில் குலசேகரத்தில் ஈரப் பச்சையையும் முப்பந்தலில் காற்றாலைகளுக்குக் கீழே காய்ந்த புல்லையும் எடுத்துவிடலாம்.

வயலை நோக்கிய வீடு என்றால் பயிர்க் கணக்குத் தெரிய வேண்டும். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். ஜூன், ஜூலையில் ஒரு பச்சை, நவம்பர், டிசம்பரில் இன்னொரு பச்சை. செப்டம்பரை ஒட்டியும் பிப்ரவரியை ஒட்டியும் அறுவடை. எல்லோரும் பச்சைக்கும் பொன்னிறத்துக்கும் காத்திருப்பார்கள். நான் காத்திருப்பது தொழி (வயல் சேறு) கலக்கித் தண்ணீர் கட்டி, நாற்று நடாமல் கிடக்கும் அந்தச் சில நாட்களுக்காக. வயல் முழுக்கக் கண்ணாடியாகும். கிடைமட்டக் கூரைக்கோடு கீழே இன்னொரு முறை விழும். தட்டைக் கூரை வீட்டுக்கு இதைவிட நல்ல முன்புலம் கிடையாது. ஓட்டு வீட்டின் சரிந்த கூரைக்கு இந்த அளவுக்குப் பொருந்தாது. நடவு எப்போது என்று வயல்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் செயலியும் இதைச் சொல்லாது.

மலை தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் மழை பெய்து விட்ட மறுநாள். அக்டோபர், நவம்பரில் பெரும்பாலும் காலை தெளிந்திருக்கும், பிற்பகலில் மேகம் திரண்டுவிடும். ஏப்ரல், மே மாத வெயிலில் தாடகை மலையே புகைமூட்டத்துக்குள் போன மாதிரி இருக்கும்.

சூரியன் எந்தப் பக்கம் இருக்கும் என்று எப்படிக் கணக்கிடுவது?

வெளிநாட்டுப் பாடங்களைப் படித்துவிட்டு ஏமாறுவது இந்த இடத்தில்தான். தெற்குச் சுவரில்தான் எப்போதும் வெயில் என்று அங்கே எழுதியிருக்கும். நாம் இருப்பது 8 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் 11ஐ ஒட்டியும் செப்டம்பர் முதல் தேதியை ஒட்டியும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்குச் சுவரில்தான் விழும். மற்ற மாதங்களில் தெற்குச் சுவரில்.

ஆகவே வடக்குப் பார்த்த வீடு என்றால் மழைக்கு முந்தைய ஏப்ரல் இறுதியும் மே மாதமும்தான் அதன் முகத்தில் நேர்வெயில் விழும் காலம். ஜூன், ஜூலையிலும் சூரியன் அந்தப் பக்கம்தான், ஆனால் மேகம் விடாது. தெற்குப் பார்த்த வீட்டுக்கு டிசம்பரும் ஜனவரியும் அருமை. அப்போது நண்பகலிலும் சூரியன் 65 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. நிழலுக்கு ஒரு சாய்வு கிடைக்கும். இன்னொன்று: நம் ஊரின் உண்மையான நண்பகல் கடிகாரத்தில் 12 மணி அல்ல, ஏறக்குறைய 12:20. மாதத்துக்கு ஏற்ப இது கால் மணி நேரம் முன்பின் நகரும்.

உச்சி வெயிலில் படமெடுக்கவே கூடாது என்பார்கள். சன்ஷேடு வீடுகளுக்கு நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சூரியன் தலைக்கு மேலே வந்து சுவரை உரசும்போது சன்ஷேடின் நிழல் சுவர் முழுக்க இறங்கும். சிமெண்ட் ஜாளியின் ஒவ்வொரு துளையும் ஆழமாகத் தெரியும். அந்தச் சன்ஷேடை வைத்ததே அந்த வெயிலுக்காகத்தான். அது வேலை செய்யும் நேரத்தில் எடுக்காமல் எப்போது எடுப்பது?

மலை பின்னணியில் வர வேண்டும். ஆனால் வீட்டுக்குப் பின்னால் ஏதோ மேடு மாதிரிதான் தெரிகிறது. ஏன்?

மிக அருகில் நின்று மிக அகலமான லென்ஸில் எடுக்கிறீர்கள். 24 மி.மீ. லென்ஸில் 15 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்த வீட்டை, 100 மி.மீ. லென்ஸில் 60 மீட்டருக்கு அப்பால் போய் எடுத்துப் பாருங்கள். வீட்டின் அளவு மாறாது. தூரத்து மலை நான்கு மடங்கு பெரிதாக எழுந்து நிற்கும். வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மனத்தில் இருக்கும் மலையும் அந்த அளவுதான். 60 மீட்டர் பின்னால் போக இடம் வேண்டுமே என்றால், வயல் வரப்பும் குளத்தங்கரையும் சானல்கரையும் (பாசனக் கால்வாயின் கரை) வேறு எதற்கு இருக்கின்றன?

இதில் ஒரு சிக்கல் உண்டு. நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் மலை வடக்கிலும் வடகிழக்கிலும் இருக்கிறது. அதன் முகத்தில் வெளிச்சம் விழுவது மாலையில். காலையில் எடுத்தால் மலை வெறும் நிழலுருவம். ஆனால் நம்மவர்கள் வாஸ்து பார்த்துக் கிழக்கு நோக்கி வாசல் வைத்திருப்பார்கள். வாசலுக்கு வெளிச்சம் காலையில், மலைக்கு வெளிச்சம் மாலையில். இரண்டும் சேராது. அப்போது வீட்டின் பின்பக்கம் போங்கள். மாலை வெயிலில் மேற்குச் சுவரும் மலையும் சேர்ந்து ஒளிரும். தோவாளைப் பக்கம் ஒரு வீட்டில் அப்படி எடுத்துக் காட்டியபோது வீட்டு அம்மா பதறிப்போனார். “அது புறவாசல் அல்லவா தம்பி, அடுக்களைக் குழாய் எல்லாம் தெரிகிறதே” என்றார். ஆறு மாதம் கழித்துப் போனால் முன்னறையில் அந்தப் படம்தான் தொங்குகிறது. குழாயை மட்டும் யாரையோ வைத்து அழித்திருந்தார்கள்.

சுவர்கள் உள்நோக்கிச் சாய்ந்த மாதிரி வருகின்றன.

கேமராவை மேல்நோக்கிச் சாய்க்கிறீர்கள். முக்காலியில் மட்டம் பார்த்து வையுங்கள், சுவர் நேராகிவிடும். கூரை வெட்டுப்பட்டால் பின்னால் போங்கள், இல்லாவிட்டால் எதிர்வீட்டு மாடிக்கு அனுமதி கேட்டு ஏறுங்கள். கேமராவைச் சாய்க்காமலே காட்சியை மேலே நகர்த்தித் தரும் டில்ட் ஷிஃப்ட் லென்ஸ் வாங்க வசதி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் முன்தரை அதிகம் வரும்படி மட்டமாக எடுத்துக் கீழே வெட்டிக்கொள்ளலாம். வெட்டும் முன் ஒரு கணம் பாருங்கள்: அந்த முன்தரையில் காய்ந்துகொண்டிருக்கும் நெல்லோ கொப்பரையோ படத்தின் சிறந்த பகுதியாக இருக்கக்கூடும்.

ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும் வீடு ஒரே இருட்டாக வருகிறது.

நானும் அந்தத் தவறைச் செய்தேன். குலசேகரம் தாண்டி ஓர் எஸ்டேட் ஓரத்து வீடு. பூசாத கான்கிரீட், சென்ட்ரிங் பலகையின் மரவரி அப்படியே சுவரில் பதிந்திருக்கும். ஆகஸ்டில் போனேன். இலைக்கூரைக்குக் கீழே எல்லாம் பச்சை இருட்டு. கான்கிரீட்டே பச்சையாகத் தெரிந்தது. நாள் முழுக்க எடுத்து ஒரு படமும் தேறவில்லை.

ஜனவரியில் திரும்பப் போனேன். ரப்பர் மரம் டிசம்பருக்குப் பிறகு இலையை உதிர்த்துவிடும். மறுபடி துளிர்க்கும்வரை சில வாரங்கள் மொட்டையாக நிற்கும். காலை வெயில் தரைவரை இறங்கியது. வரிசை தப்பாமல் நட்ட மரங்களின் நிழல் கோடு கோடாகச் சுவரில் விழுந்தது. அந்த வீட்டின் தூண் இடைவெளியும் மர வரிசையின் இடைவெளியும் ஒத்துப்போவது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வடிவமைத்தவர் தோட்டத்தை அளந்து கட்டியிருக்கிறார். இலை மறைத்திருந்ததால் நான் பார்க்கவில்லை.

தோட்டம் நிரந்தரம் என்றும் நினைக்க வேண்டாம். 2017 நவம்பர் 30 அன்று அடித்த ஒக்கிப் புயலில் மேற்குப் பகுதியில் ஏராளமான ரப்பர் மரங்கள் சாய்ந்தன. அதுவரை காட்டுக்குள் ஒளிந்திருந்த வீடுகள் ஒரே இரவில் வெட்டவெளிக்கு வந்தன. பழைய படம் ஒன்று கையில் இருந்தால் அதன் மதிப்பு அப்போது தெரியும்.

தென்னை மறைக்கிறதே, என்ன செய்ய?

மறைக்கட்டும். தென்னந்தோப்பில் கட்டிய வீடு தென்னைகளுக்கு நடுவேதான் தெரிய வேண்டும். இரண்டு மரங்களின் இடைவெளியில் வாசல் வரும்படி அரை அடி இடமோ வலமோ நகருங்கள், போதும். ஓலை காற்றில் கலைவது பிடிக்கவில்லை என்றால் விடியற்காலையில் வாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மே முதல் செப்டம்பர்வரை முக்காலியையே உலுக்கும்; கேமராப் பையில் கல்லை நிரப்பி முக்காலியின் நடுவில் தொங்கவிடுங்கள்.

கடலோர வீடுகள்?

முட்டம், குளச்சல், மணக்குடி எங்கே போனாலும் லென்ஸில் உப்புப் படியும். ஒரு ஃபில்டர் போட்டுக்கொண்டு, துடைக்கத் துணி எடுத்துப் போங்கள். வீடு திரும்பியதும் முக்காலிக் கால்களை நல்ல தண்ணீரில் அலசுங்கள். கடலைக் காட்ட ஆசைப்பட்டு வீட்டைத் துணுக்காக்கிவிடாதீர்கள். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் வெடித்திருந்தால் அதையும் அருகில் போய் எடுங்கள். கடலுக்கும் அந்த வீட்டுக்கும் உள்ள உறவு அதுவும்தான்.

அந்தி நேரத்தில் விளக்கெல்லாம் எரிய எடுத்த படங்கள் இங்கே சரியாக வருவதில்லையே?

அந்தப் பாணிக்குப் பெரிய பெயர் கொடுத்தவர் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜூலியஸ் ஷுல்மன். ரிச்சர்ட் நியூட்ரா பாம் ஸ்பிரிங்ஸில் கட்டிய காஃப்மன் வீட்டை 1947இல் அந்தியில் எடுத்தார். வெளிச்சம் மங்க மங்க, ஒரே ஃபிலிம் தகட்டில் நேரம் விட்டு நேரம் ஒளியைப் பதித்து, உள்ளே ஓடிப்போய் விளக்குகளைப் போட்டும் அணைத்தும் முக்கால் மணி நேரம் வேலை செய்திருக்கிறார். லாஸ் ஏஞ்சலஸ் நகர விளக்குகளுக்கு மேலே மிதக்கும் கண்ணாடி வீட்டின் படமும் அவருடையதுதான். பியர் கோனிக் வடிவமைத்த அந்த வீட்டை 1960இல் எடுத்தார். ஊர் விளக்குகளுக்காக ஷட்டரை ஏழு நிமிடம் திறந்து வைத்து, பிறகு ஃபிளாஷ் அடித்து உள்ளே உட்கார்ந்திருந்த பெண்களைப் பதித்தார்.

நமக்கு அந்த முக்கால் மணி நேரம் கிடைக்காது. நில நடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் அந்தி சுமார் 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும். வானமும் வீட்டு விளக்கும் சமமாக இருப்பது அதற்குள் ஐந்தாறு நிமிடம். சூரியன் மறையும் முன்பே முக்காலியை நிறுத்தி, விளக்குகளைப் போட்டு, படத்தின் சட்டகத்தை முடிவு செய்திருக்க வேண்டும். வெள்ளை எல்இடியும் மஞ்சள் விளக்கும் கலந்திருந்தால் ஒன்றை அணையுங்கள். மின்சாரம் போனால் போனதுதான், நாளை வாருங்கள்.

உள்ளே இருந்து எடுக்கும்போது ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாகப் போகிறது.

மேகமூட்டமான நாளில் எடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு வெவ்வேறு அளவு வெளிச்சத்தில் மூன்று படம் எடுத்துச் சேர்க்கலாம். ஆனால் வெளியும் உள்ளும் ஒரே பிரகாசத்தில் இருக்கும்படி சேர்த்தால் பொய்யாகத் தெரியும். இருட்டறையில் இருந்து வெளிச்சத்தைப் பார்ப்பதுதான் நம் வீடுகளின் சுகம். பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒருமுறை போய், மரச்சட்ட ஜன்னல்களின் பின்னால் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள் (திங்கட்கிழமை விடுமுறை). அது நவீனக் கட்டடம் இல்லைதான். ஆனாலும் வெயிலை எவ்வளவு உள்ளே விட வேண்டும் என்ற கணக்கை அங்கே கற்றவர்கள்தான் பிறகு ஜாளி வைத்தார்கள் என்பது என் எண்ணம்.

கொடிக்கம்பி, மின்கம்பி, மாடித் தண்ணீர்த் தொட்டி. இவற்றை அழிக்கலாமா?

மின்கம்பியை அழிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ரப்பர் ஷீட் காயும் கொடியை அழித்தால் சண்டை உண்டு. வாடிக்கையாளர் கேட்டால் இரண்டு பிரதி கொடுங்கள். அழிக்காத பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர் பார்க்கும் காட்சியா, வெளியே நிற்பவர் பார்க்கும் காட்சியா, எது முக்கியம்?

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு கல்லூரி மாணவி. இதுவரை வந்தவற்றில் இதுதான் நல்ல கேள்வி. ஃபிராங்க் லாய்ட் ரைட் பென்சில்வேனியாவில் கட்டிய அருவி வீட்டை பில் ஹெட்ரிக் 1937இல் அருவிக்குக் கீழே இருந்து எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. வீடும் அருவியும் ஒன்றாகத் தெரியும். அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் அந்தக் காட்சியை வீட்டுக்குள் இருந்து பார்க்கவே முடியாது. வீடு அருவியின் தலைமேல் இருக்கிறது. அவர்களுக்குக் கிடைப்பது அருவியின் சத்தம். ஆக உலகம் அறிந்த வீடு ஒன்று, அவர்கள் வாழ்ந்த வீடு வேறொன்று. இரண்டையும் எடுங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், திண்ணையிலோ சிட்அவுட்டிலோ அந்த வீட்டு முதியவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து, அந்தக் கண்மட்டத்தில் வெளியே எடுங்கள்.

பழக ஓர் இடம் சொல்லுங்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலம். வீடு இல்லை, ஆனால் 1960களின் கான்கிரீட் நிலத்தோடு எப்படிப் பேசியது என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் இங்கே இல்லை. பள்ளத்தாக்கு ஏறி இறங்குகிறது, தண்ணீர் மட்டத்தில் போயாக வேண்டும். அதனால் தூண்கள் ஆழத்துக்கு ஏற்ப நீள்கின்றன. நடுவில் உயரம் 115 அடி. மேலே நடந்து செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். கீழே இறங்குங்கள்.

டிரோன்?

அரசின் டிரோன் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலம் என்று பார்க்காமல் பறக்கவிடாதீர்கள். பச்சை மண்டலத்திலும் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. மேலிருந்து பார்த்தால் எல்லா வீடும் தண்ணீர்த் தொட்டிதான்.

அனுமதியும் காப்புரிமையும்?

கட்டடத்தைப் படமெடுப்பது வடிவமைத்தவரின் காப்புரிமையை மீறுவதாகாது என்று 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் வளாகத்துக்குள் நுழைய வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவையும் படியுங்கள்: ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமையாளர் அவரே. ஒரு நிறுவனத்துக்கு எடுத்த படங்களை நான் கண்காட்சியில் வைக்க முடியாமல் போனது இதைத் தெரியாமல் இருந்ததால்தான். இப்போது ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்கிறேன். படத்தோடு இருப்பிடக் குறியீடு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் வயதானவர்கள் தனியாக இருப்பார்கள்.

கைபேசி போதுமா?

பழகப் போதும். மிக அகலமான லென்ஸைத் தொடாதீர்கள்.

இடிக்கப்போகும் வீட்டை எப்படி எடுப்பது?

முதலில் நான்கு பக்கமும் தூரத்தில் இருந்து, அண்டை நிலத்தோடு சேர்த்து. பிறகு சுவர் தரையைத் தொடும் இடங்கள், சன்ஷேடின் முனை, மாடிப்படித் திருப்பம், தேய்ந்த மொசைக். ஒவ்வொரு படத்துக்கும் முக்காலி நின்ற இடத்தைக் குறித்துவையுங்கள்.

சானல்கரையை ஒட்டி 1970களில் கட்டிய ஒரு வீட்டை அப்படித்தான் எடுத்தேன். மூன்று வாரத்தில் இடித்துவிட்டார்கள். குறித்து வைத்த அதே இடங்களில் மறுபடி முக்காலியை நிறுத்தி எடுத்தேன். கிணறு இருக்கிறது. பலாமரம் ஒரு பக்கம் மட்டும் கிளையில்லாமல், வீடு நின்ற இடத்தை ஒதுக்கி வளர்ந்தபடியே நிற்கிறது. மட்டுப்பா இருந்த உயரத்தில் இப்போது தாடகை மலை தெரிகிறது.